ஓடும் சர்வரில் மிரர் டிஸ்க்கை மாற்றுவது: கட்டளை முதலில், கை பிறகு

கேள்வி இதுதான்: யூனிக்ஸ் சர்வரில் இரண்டு டிஸ்க்குகள் மிரராக, அதாவது ஒரே தரவை இரண்டிலும் வைத்து, ஓடுகின்றன. அதில் ஒன்று பழுது. ஹாட் ஸ்வாப் ட்ரே (ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றிச் செருகும் தட்டு) என்பதால் சர்வரை அணைக்க வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதுமா?

போதாது. ஹாட் ஸ்வாப் என்பது மின்இணைப்புக்கு மட்டும் தரப்படும் உறுதி. சாட்டா, எஸ்ஏஎஸ் என்னும் இரு வகை டிஸ்க் இணைப்பியில் கிரவுண்ட் பின்கள் மற்றவற்றைவிட நீளமானவை. செருகும்போது அவை முதலில் தொடும், மின்சாரம் படிப்படியாக ஏறும், பக்கத்து டிஸ்க்குகளுக்குப் போகும் வோல்டேஜ் சரியாது. இயங்குதளத்துக்கு அந்த உறுதி பொருந்தாது. எந்த டிஸ்க் போகிறது, எது வருகிறது என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். புதிய டிஸ்க்கில் பார்ட்டிஷன் போடுவதும், மிரரில் சேர்ப்பதும், பூட் லோடர் (சர்வரை எழுப்பும் சிறு நிரல்) எழுதுவதும் தானாக நடக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மிரரை ஹார்டுவேர் ரெய்டு கார்டு (டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் தனி அட்டை) நடத்துகிறது என்றால் இயங்குதளம் ஒரே டிஸ்க்கைத்தான் பார்க்கிறது. அங்கே கார்டின் சொந்தக் கருவியில்தான் வேலை. பெரும்பாலான கார்டுகள் அதே ஸ்லாட்டில் புதிய டிஸ்க் வந்ததும் தாமாகவே ரீபில்டை, அதாவது புதிய டிஸ்க்குக்குத் தரவை நகலெடுப்பதை, தொடங்கிவிடும். வேறு கார்டில் ஓடிய டிஸ்க்கைப் போட்டால் 'ஃபாரின்' என்று காட்டி நிற்கும். அந்தப் பழைய கான்ஃபிகரேஷனை அழித்தால்தான் நகரும், 'இம்போர்ட்' பக்கம் கை போகவே கூடாது. இனி வருவதெல்லாம் மென்பொருள் மிரருக்கு. லினக்ஸின் எம்டி (அதன் மென்பொருள் ரெய்டு) மிரரை வைத்து விரிவாகச் சொல்கிறேன், சோலாரிஸும் (இன்னொரு யூனிக்ஸ்) இசட்எஃப்எஸ்ஸும் (மிரரைத் தானே நடத்தும் கோப்பு அமைப்பு) பின்னால். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்கள்; எடுத்துக்காட்டில் எஸ்டிஏ நல்லது, எஸ்டிபி பழுது.

முதலில், டிஸ்க்தான் பழுதா என்று பாருங்கள். /ப்ராக்/எம்டிஸ்டாட் கோப்பில் [2/1] [யு_] என்று இருந்தால் மிரர் ஒற்றைக் காலில் நிற்கிறது, அவ்வளவுதான். ஏன் நிற்கிறது என்பதை டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கருவி சொல்லும். சாட்டா டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 என்பது திருத்தவே முடியாதவை. இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. இவை பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறுகிறதா? அது சிஆர்சி பிழை, டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே நடப்பது. கேபிள், பேக்பிளேன் (ட்ரேக்கள் போய்ச் செருகும் பின்பலகை), சரியாக உட்காராத ட்ரே ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒரே ஸ்லாட்டில் அடுத்தடுத்து இரண்டு டிஸ்க் 'பழுதானால்' மூன்றாவதை வாங்காதீர்கள், பேக்பிளேனைப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மேசைக் கணினிக்கென்று செய்த டிஸ்க்குகள் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க நிமிடக் கணக்கில்கூட முயலும். கெர்னலின் (இயங்குதளத்தின் மையம்) காத்திருப்பு இயல்பாக 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கெர்னல் இணைப்பை ரீசெட் செய்யும், ஒரே ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் மிரரிலிருந்து தள்ளப்படும். ஸ்மார்ட்சிடிஎல் மூலம் எஸ்சிடி இஆர்சி (முயல்வதற்கான நேர வரம்பு, பத்தில் ஒரு விநாடிக் கணக்கில்) மதிப்பை 70,70 என்று வைத்தால், அதாவது 7 விநாடியில் கைவிடச் சொன்னால், டிஸ்க் முதலில் தோல்வியை ஒப்புக்கொள்ளும், எம்டி அந்தச் செக்டரை மறு பாதியிலிருந்து எடுத்துத் திரும்ப எழுதிவிடும். பல டிஸ்க்குகள் அணைந்து எழுந்ததும் இந்த மதிப்பை மறந்துவிடும், ஆகவே பூட் ஸ்கிரிப்டில் போடுங்கள். அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டைம்அவுட் கோப்பில் 180 எழுதுங்கள்.

டிஸ்க்தான் பழுது என்று உறுதியானபின் அடுத்த பார்வை நல்ல டிஸ்க்கின் மேல் விழ வேண்டும். ரீசிங்க் (நல்லதிலிருந்து புதியதற்கு முழு நகல்) நடக்கும்போது அதன் ஒவ்வொரு செக்டரும் படிக்கப்படும். பல மாதங்களாக யாரும் தொடாத கோப்பின் கீழே ஒரு கெட்ட செக்டர் ஒளிந்திருந்தால் அது அப்போதுதான் வெளியே வரும், அந்த நேரத்தில் மாற்றுப் பிரதியும் இருக்காது. எஸ்டிஏவில் நீண்ட ஸ்மார்ட் சோதனை ஒன்றை ஓட்டி முடியுங்கள். பேக்கப் எடுங்கள். அது இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள்.

எஸ்டிபி இன்னும் முழுதாகச் சாகவில்லை, சர்வரில் ஒரு ஸ்லாட் காலியாகவும் இருக்கிறது என்றால் உருவவே வேண்டாம். புதிய டிஸ்க்கைக் காலி ஸ்லாட்டில் செருகி, அது எஸ்டிசி என்று வந்தால், பார்ட்டிஷன் போட்டபின்

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரீப்ளேஸ் /டெவ்/எஸ்டிபி1 --வித் /டெவ்/எஸ்டிசி1

என்று கொடுங்கள். எம்டிஏடிஎம் என்பது எம்டி மிரர்களை நிர்வகிக்கும் கட்டளை, எம்டி0 மிரரின் பெயர், எஸ்டிபி1 எஸ்டிபியின் முதல் பார்ட்டிஷன். எஸ்டிசி முழுதாக நிரம்பும்வரை எஸ்டிபி மிரரில் இருந்துகொண்டே இருக்கும், எந்தக் கணத்திலும் பிரதி இல்லாத நிலை வராது. முன்னதாக அந்தப் பார்ட்டிஷனை --ஆட் கொண்டு உதிரியாகச் சேர்த்திருக்க வேண்டும். கெர்னல் 3.3 முதல் இந்த வசதி உண்டு. ஆனாலும் பழையதைப் பிடுங்கிய பிறகே புதியதைத் தேடும் பழக்கம் பலரிடம் போகவில்லை.

காலி ஸ்லாட் இல்லையென்றால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். இந்த வேலையில் தரவு போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஸ்லாட் எண்கள் அல்ல. பூட் ஆகும்போது எது முதலில் பதில் சொன்னதோ அது எஸ்டிஏ. இடது ஸ்லாட் எஸ்டிஏவாகத்தான் இருக்கும் என்று ஊகித்துக் கை வைக்காதீர்கள். ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் ஐ விருப்பம் சீரியல் எண்ணைத் தரும். டிஸ்க் அதற்குப் பதில் சொல்லாத அளவுக்குச் செத்திருந்தால் நல்ல டிஸ்க்கின் சீரியல் எண்ணை எடுங்கள், அது இல்லாததுதான் நமக்கு வேண்டியது. சர்வரை நிறுவும் நாளிலேயே ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டி வைத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒட்டாவிட்டால் விளக்கு உதவும்: லெட்சிடிஎல் லொக்கேட்=/டெவ்/எஸ்டிபி என்றால், பேக்பிளேன் ஆதரித்தால், அந்த ஸ்லாட்டில் அடையாள விளக்கு எரியும். அதுவும் இல்லையா, டிடி கட்டளையால் எஸ்டிஏவை /டெவ்/நல்லுக்குப் படிக்க விடுங்கள். விளக்கு விடாமல் துடிப்பதுதான் நல்ல டிஸ்க், அதைத் தொடாதீர்கள்.

இனி மிரரிலிருந்து விடுவிப்பது. எம்டிஸ்டாட் காட்டும் எல்லா வரிகளையும் படியுங்கள். ஒரு டிஸ்க்கில் பூட், ரூட், தரவு என்று மூன்று பார்ட்டிஷன்கள் மூன்று மிரர்களில் இருப்பது வழக்கம். பிழை வந்த பார்ட்டிஷன் மட்டும் (எஃப்) குறி வாங்கியிருக்கும், மற்ற இரண்டும் அதே டிஸ்க்கில் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விடுவியுங்கள்:

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஃபெயில் /டெவ்/எஸ்டிபி1
எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரிமூவ் /டெவ்/எஸ்டிபி1

எம்டி1, எம்டி2 ஆகியவற்றுக்கும் இதே இரண்டு வரிகள். கட்டளையை முதலில் கொடுப்பதில் ஒரு பாதுகாப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு பாதி ஏற்கெனவே விழுந்திருக்கும்போது தவறுதலாக மிச்சமிருக்கும் நல்ல பாதியை --ஃபெயில் செய்யச் சொன்னால் எம்டி மறுத்துவிடும். கையால் உருவும்போது மறுக்க அங்கே யாரும் இல்லை. ஆனால் இரண்டு பாதியும் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, ஸ்மார்ட் எச்சரிக்கையை மட்டும் நம்பி மாற்றுகிறீர்கள் என்றால் அந்தத் தடை வேலை செய்யாது. பெயரை இருமுறை படியுங்கள்.

ஸ்வாப் மிரரில் இல்லாமல் அந்த டிஸ்க்கின் தனிப் பார்ட்டிஷனில் இருக்கிறதா என்று எல்எஸ்பிஎல்கே காட்டும். இருந்தால் ஸ்வாப்ஆஃப் கொடுங்கள். கொடுக்காமல் உருவினால் ஸ்வாப்புக்குப் போன பக்கங்களோடு சேர்ந்து அந்த ப்ராசஸ்களும் சாகும். மிரர் போட்டும் சர்வர் ஏன் படுத்தது என்று வியப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

கடைசியாக /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டெலீட் கோப்பில் 1 எழுதுங்கள். கெர்னல் டிஸ்க்கின் கேச்சை எழுதி முடிக்கச் சொல்லும், சாட்டா என்றால் சுழற்சியையும் நிறுத்தும், பிறகு பெயரை விடுவிக்கும். ட்ரேயின் பிடியைத் திறந்து ஓர் அங்குலம் மட்டும் இழுத்து, அரை நிமிடம் விடுங்கள். சுழலும் தட்டோடு டிஸ்க்கைத் திருப்பினால் ஹெட் தட்டைத் தொட வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

யாரோ ஏற்கெனவே கட்டளை எதுவும் கொடுக்காமல் உருவிவிட்டார்கள் என்றால் பார்ட்டிஷன் பெயரே இருக்காது. அப்போது --ஃபெயில், --ரிமூவ் இரண்டுக்கும் பெயருக்குப் பதிலாக டிடாச்ட் என்று கொடுங்கள். நலமாக ஓடிய மிரரிலிருந்து தவறான டிஸ்க் வெளியே வந்துவிட்டது என்றால் பதற வேண்டாம், திரும்பச் செருகி --ரீ-ஆட் கொடுங்கள். மிரரில் பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) இருந்தால் இடையில் மாறிய பகுதிகள் மட்டும் நகலாகும், சில விநாடிகளில்கூட முடிந்துவிடும். பிட்மேப் இல்லையென்றால் முழு நீளமும் ஓடும்.

புதிய டிஸ்க்கின் அளவு பழையதைவிட ஒரு செக்டர்கூடக் குறையக் கூடாது. இன்றைய 1 டிபி டிஸ்க்குகள் எந்த நிறுவனமானாலும் 1,95,35,25,168 செக்டர்கள் (512 பைட் கணக்கில்) கொண்டிருக்கும், தொழில்துறை ஒப்புக்கொண்ட கணக்கு அது. பழைய சிறு டிஸ்க்குகளிலும், சர்வர் நிறுவனங்கள் தங்கள் ஃபர்ம்வேருடன் தரும் டிஸ்க்குகளிலும் இந்த ஒற்றுமையை நம்ப முடியாது. அதனால் முதல் நாளே டிஸ்க்கின் வாலில் 100 எம்பி விட்டுப் பார்ட்டிஷன் போடுவது நல்லது. செக்டர் அளவும் பொருந்த வேண்டும். 512இ வகை, அதாவது உள்ளே 4096 என்றாலும் வெளியே 512 என்று பேசுவது, சிக்கல் தராது. வெளியேயும் 4096 என்றே பேசும் டிஸ்க்கில் நகலெடுத்த பார்ட்டிஷன் அட்டவணை பொருந்தவே பொருந்தாது. ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள் சில 520 பைட் செக்டரோடு வரும், லினக்ஸ் அவற்றை ஏற்காது. எஸ்ஜி_ஃபார்மேட் கொண்டு 512க்கு மாற்றலாம், பல மணி நேரம் பிடிக்கும், நடுவில் மின்சாரம் போகக் கூடாது.

செருகியதும் டிமெஸ்ஜி (கெர்னலின் செய்திகள்) பாருங்கள். எதுவும் வராவிட்டால் /சிஸ்/கிளாஸ்/ஸ்கஸி_ஹோஸ்ட் அடைவில் உரிய ஹோஸ்டின் ஸ்கேன் கோப்பில் இடைவெளி விட்டு மூன்று கோடுகள், "- - -" என்று எழுதினால் கெர்னல் தேடிப் பார்க்கும். அப்போதும் வராத சாட்டா ஸ்லாட் என்றால் பயாஸில் ஹாட் பிளக் அணைந்திருக்கலாம். பழைய பெயரை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் புதிய டிஸ்க் எஸ்டிபிக்குப் பதில் எஸ்டிசி ஆகும், அதில் தவறில்லை. ஏற்கெனவே எங்கோ ஓடிய டிஸ்க் என்றால் அதிலுள்ள பழைய சூப்பர்பிளாக்கை (எந்த மிரரின் பகுதி என்ற குறிப்பை) கண்டு எம்டி127 என்று ஒரு பாதி மிரர் தானாகவே எழுந்து நிற்கும். பிறகு எது செய்தாலும் 'பிஸி' என்று பதில் வரும். எம்டி127ஐ --ஸ்டாப் செய்து, அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களில் --ஜீரோ-சூப்பர்பிளாக் கொடுத்து, வைப்எஃப்எஸ் ஏ விருப்பத்தால் மிச்சத்தையும் துடையுங்கள்.

பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுக்கும் இடத்தில் மெதுவாகப் போங்கள். ஜிபிடி (புதிய வகை அட்டவணை) என்றால்

எஸ்ஜிடிஸ்க் --ரெப்ளிகேட்=/டெவ்/எஸ்டிபி /டெவ்/எஸ்டிஏ

இதில் முதலில் வருவது சேருமிடம், கடைசியில் வருவது மூலம். சிபி கட்டளைக்குப் பழகிய கை இதைத் தலைகீழாக எழுதும், எழுதினால் வெற்று அட்டவணை நல்ல டிஸ்க்கின்மேல் போய் உட்காரும். முன்னதாக எஸ்ஜிடிஸ்க் --பேக்அப் கொண்டு எஸ்டிஏவின் அட்டவணையை வேறொரு கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். நகலெடுத்தபின் எஸ்ஜிடிஸ்க் பெரிய ஜி விருப்பத்தால் எஸ்டிபியின் அடையாள எண்களைப் புதிதாக்குங்கள். இரண்டு டிஸ்க்குகள் ஒரே எண்ணோடு இருக்கக் கூடாது. பழைய எம்பிஆர் அட்டவணை என்றால் எஸ்எஃப்டிஸ்க் டி விருப்பத்தின் வெளியீட்டை எஸ்டிபிக்கான எஸ்எஃப்டிஸ்க்குக்குப் பைப் செய்தால் போதும்.

பிறகு ஒவ்வொரு மிரருக்கும்:

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிபி1

மூன்று மிரருக்கும் ஒரே மூச்சில் கொடுக்கலாம். ஒரே டிஸ்க்கில் உள்ளவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும், மற்றவை 'டிலேய்ட்' என்று காட்டும், அது பழுது அல்ல. எம்டி மிரர் காலி இடத்தையும் சேர்த்து முழுப் பார்ட்டிஷனையும் நகலெடுக்கும். 4 டிபி டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஏழரை மணி நேரம். சர்வரில் வேலை அதிகம் என்றால் ரீசிங்க் ஒதுங்கி, /ப்ராக்/சிஸ்/டெவ்/ரெய்டு அடைவின் ஸ்பீட்_லிமிட்_மின் அளவுவரை இறங்கிவிடும். அதன் இயல்பு மதிப்பு விநாடிக்கு 1000 கேபி. அந்த வேகத்திலேயே போனால் 4 டிபிக்கு ஒன்றரை மாதம். ஒற்றை டிஸ்க்கில் அவ்வளவு நாள் ஓட்டுவதைவிட ஓர் இரவு சர்வர் மெதுவாக இருப்பது மேல். அதை 50000 ஆக்குங்கள், முடிந்ததும் பழையபடி வையுங்கள்.

ரீசிங்க் நடுவில் எஸ்டிஏ ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் நின்றால் --ஆட் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. அந்த நேரத்தில் டிடிரெஸ்க்யூ கொண்டு எஸ்டிஏவை வேறொரு டிஸ்க்குக்கு முடிந்தவரை நகலெடுத்து, அதிலிருந்து மிரரை எழுப்ப வேண்டும். இதற்குச் சர்வர் நின்றுதான் ஆகும்.

[யுயு] வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பூட் லோடர் பெரும்பாலும் மிரரின் பகுதி அல்ல. புதிய டிஸ்க்கில் அது இல்லை, சர்வர் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பல மாதம் கழித்து எஸ்டிஏ போகும் நாளில் சர்வர் எழாது. பயாஸ் வழி என்றால் கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிபி. டெபியனில் கிரப்-பிசி தொகுப்பை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் செய்து இரண்டு டிஸ்க்குகளையும் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அடுத்த அப்டேட் ஒன்றில் மட்டும் எழுதும். யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த முறை) என்றால் புதிய டிஸ்க்கின் இஎஸ்பி (பூட் கோப்புகள் இருக்கும்) பார்ட்டிஷனை ஃபேட்டாக ஃபார்மேட் செய்து, நல்ல டிஸ்க்கின் இஎஸ்பி உள்ளடக்கத்தை நகலெடுத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கொண்டு ஒரு பூட் பதிவு சேருங்கள். பூட்டின்போது எவற்றை ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பையும் பாருங்கள்: மாற்றிய டிஸ்க்கின் பழைய இஎஸ்பி அடையாள எண் அதில் இருந்தால் அடுத்த பூட் அவசர நிலையில் போய் நிற்கும்.

சோலாரிஸ் 10 வரை இருந்த வால்யூம் மேனேஜரில் எண்ணம் இதேதான். ஆனால் மெட்டாடிபி என்ற ஒரு கண்ணி கூடுதலாக உண்டு. மிரர்களின் நிலையைச் சொல்லும் ரெப்ளிகாக்கள் டிஸ்க்குக்கு மூன்று என்று இரண்டு டிஸ்க்கில் இருந்தால், ஒன்று போனதும் சரிபாதி மிஞ்சும். ஓடுகிற சர்வருக்குப் பாதி போதும், ஓடிக்கொண்டே இருக்கும். பாதிக்கும் குறைந்தால் பேனிக், அதாவது சர்வர் தானே நின்றுவிடும். ஆனால் பூட் ஆகிப் பலபயனர் நிலைக்கு வரப் பாதிக்கும் அதிகமாக வேண்டும். அந்த நிலையில் ரீபூட் செய்தால் ஒற்றைப் பயனர் நிலையில் நின்றுவிடும். ஆகவே முதல் வேலை மெட்டாடிபி டி விருப்பத்தால் கெட்ட டிஸ்க்கின் ரெப்ளிகாக்களை நீக்குவது. மூன்றாவதாக ஒரு டிஸ்க் இருந்தால் அதில் சில ரெப்ளிகாக்கள் வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. நீக்கியபின் சிஎஃப்ஜிஏடிஎம் கொண்டு டிஸ்க்கை அன்கான்ஃபிகர் செய்து, மாற்றி, கான்ஃபிகர் செய்யுங்கள். நல்ல டிஸ்க்கின் பிஆர்டிவிடிஓசி வெளியீட்டை எஃப்எம்டிஹார்டுக்கு ஊட்டினால் ஸ்லைஸ்கள் (சோலாரிஸின் பார்ட்டிஷன்கள்) அமையும். மெட்டாடிபி ஏ விருப்பத்தால் ரெப்ளிகாக்களைத் திரும்ப வைத்து, மெட்டாடெவ்ஏடிஎம் யு விருப்பத்தால் டிஸ்க்கின் புதிய அடையாளத்தைப் பதிந்து, ஒவ்வொரு மிரருக்கும் மெட்டாரீப்ளேஸ் இ விருப்பத்தோடு ஸ்லைஸ் பெயரைக் கொடுங்கள். மெட்டாஸ்டாட் ரீசிங்க் சதவீதத்தைக் காட்டும். ஸ்பார்க் சிப் உள்ள சர்வர் என்றால், பூட் லோடர் எழுதும் இன்ஸ்டால்பூட்டை மறக்காதீர்கள்.

இசட்எஃப்எஸ்ஸில் வேலை குறைவு. இசட்பூல் ஆஃப்லைன், டிஸ்க் மாற்றம், இசட்பூல் ரீப்ளேஸ். அதே ஸ்லாட், அதே பெயர் என்றால் ரீப்ளேஸுக்கு ஒரு பெயரே போதும். பயன்பட்ட பிளாக்குகள் மட்டும் நகலாகும், ஒவ்வொன்றும் செக்சம் சரிபார்க்கப்படும். எம்டி மிரரில் இரு பாதிகளும் வேறுபட்டால் எது சரி என்று அதற்கே தெரியாது, இசட்எஃப்எஸ்ஸுக்குத் தெரியும். இங்கே ஆபத்து வேறிடத்தில்: ஒற்றை டிஸ்க் பூலை (பூல் என்பது இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுதி) மிரராக்க வேண்டியது இசட்பூல் அட்டாச். பழக்கதோஷத்தில் ஆட் என்று தட்டினால் புதிய டிஸ்க் ஸ்டிரைப்பாக, அதாவது பிரதியாக அல்லாமல் தரவு பிரித்து வைக்கப்படும் கூடுதல் இடமாக, சேரும், எச்சரிக்கைகூட வராது, இரண்டில் எது போனாலும் பூலே போகும். முதலில் என் விருப்பத்தோடு ஓட்டினால் என்ன ஆகும் என்று காட்டும், எழுதாது. பூட் பூல் என்றால் இங்கேயும் பூட் கோட் தனி வேலை. ஃப்ரீபிஎஸ்டியில் ஜிபார்ட் பூட்கோட் அதற்கு. அங்கே ஜிமிரர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே கட்டளைகள்: செத்த டிஸ்க்கை மறக்க ஜிமிரர் ஃபர்கெட், புதியதைச் சேர்க்க ஜிமிரர் இன்சர்ட்.

கழற்றிய டிஸ்க் மிரரின் ஒரு பாதி, அதாவது உங்கள் தரவின் முழுப் பிரதி. எழுத முடிகிற நிலையில் இருந்தால் வேறு கணினியில் ஷ்ரெட் கொண்டு முழுதும் அழியுங்கள். எழுத முடியாவிட்டால் தட்டுகளை உடைப்பதுதான் வழி, வாரன்டிக்குத் திருப்பி அனுப்புவதா என்பதை அதற்கு முன்பே தீர்மானியுங்கள். 'இன்னும் ஓடுகிறதே' என்று அதை அதே சர்வரின் காலி ஸ்லாட்டில் செருகி ரீபூட் மட்டும் செய்யாதீர்கள். பயாஸ் வரிசையில் அது முதலில் இருந்தால் சர்வர் அதன் பழைய பூட் லோடரிலிருந்து எழும்.